விசாரிப்பு

என்னைப் பெண் கேட்டு வருமுன்
வில்லாபுரம் முக்கில் மூன்று பேரிடம் விசாரித்தார்கள்.
அயர்ன்காரர், பால் பூத்து, எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர்.
"வாய் கொஞ்சம் நீளம், மத்தபடி கொறையில்ல."
கல்யாணத்துக்கு அப்புறம் இவரே சொன்னார்.

இப்போது பதினொரு பேர் விசாரித்திருக்கிறார்கள்.
ஒருத்தரும் முக்குக்கு வரவில்லை.

பைபாஸ் ரோடு ஷோரூமில்
ஸ்கூட்டருக்கு மாலை போடும் பையன்
மாலையும் கையுமாக நின்றுவிட்டான்.
கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்கள்:
ஐநூற்று எழுபத்தொன்று.
பத்தாம் வகுப்பில்கூட
இப்படி நடுங்கி மார்க் பார்த்ததில்லை நான்.

வருஷத்துக்கு ஒரு தடவை
காசில்லாமல் அந்த அறிக்கையைப் பார்க்கலாமாம்.
பார்த்தேன்.
நான் பேர்கூடக் கேட்டிராத கம்பெனிகள்
என் பேரைக் கேட்டிருந்தன, தேதி தேதியாக.
அடியில் ஒரு கடன், முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
வாங்கியவர் எஸ். பஞ்சவர்ணம்.

அதற்குள் போன் வர ஆரம்பித்தது.
காலை ஆறு நாற்பதுக்கு,
உலையில் அரிசி போடும் நேரம் பார்த்து:
"என்னம்மா, தின்னது செரிச்சிருச்சா?"
வீட்டுக்காரம்மாவுக்கு ஒன்று.
ஸ்கேன் சென்டர் முதலாளிக்கு ஒன்று.
தம்பியின் மாமனாருக்கும் ஒன்று.
அவருக்கு நானே போன் பண்ணி வருஷமாகிறது.

பிறகு வக்கீல் நோட்டீஸ், சென்னையிலிருந்து.
கையெழுத்தைத் தடவிப் பார்த்தேன், அச்சு.
"கட்டித் தொலைச்சிருவோம், மானம் போகுது" என்றார் இவர்.
மானம் முப்பத்தெட்டாயிரத்து நானூறா,
வட்டி தனியா என்று கேட்டேன்.

ஸ்கேன் சென்டரில் பேர் கூப்பிடுவது என் வேலை.
முத்துலட்சுமி என்றால் பாதி பெஞ்சு எழுந்திருக்கும்.
அப்பா பேர் கேட்பேன், ஊர் கேட்பேன்,
அப்புறம்தான் உள்ளே விடுவேன்.
ஒருத்தி வயிற்றை
இன்னொருத்தி பேரில் எழுதிவிடக் கூடாது.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்.
ஐயா,
கடன் மனுவில் என் கையெழுத்தைக் காட்டவும்.
பணம் எந்தக் கணக்கில் விழுந்தது, காட்டவும்.
பதினொரு பேரும் என்னை விசாரிக்க
அனுமதி தந்தது யார், அதையும்.
காலை எட்டுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும்
கூப்பிடக் கூடாதென்பது ரிசர்வ் வங்கி விதி.
என் வீட்டுக்காரம்மா உங்களுக்குக் கடன்படவில்லை.
'தங்கள் உண்மையுள்ள' போட மனசு வரவில்லை.
ச. பஞ்சவர்ணம் என்று மட்டும் போட்டேன், தமிழில்.

தல்லாகுளம் தபாலாபீசில் மூன்று கவர்.
ரசீதுகளை ரேஷன் கார்டுக்குள் வைத்தேன்.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது.
முப்பதைத் தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய்
அவர்கள் எனக்குத் தர வேண்டும். தப்பித்தார்கள்.
"வேறொரு நபரின் பதிவு தவறுதலாக இணைக்கப்பட்டது."
வருத்தம் என்ற சொல்லைத் தேடினேன். பக்கம் முடிந்திருந்தது.

கூடவே, எவரோ கவனமில்லாமல்,
அந்த வேறொரு நபரின் மனுவையும் நகலெடுத்து வைத்திருந்தார்கள்.
சு. பஞ்சவர்ணம், தகப்பனார் சுருளி, செக்கானூரணி.
என் அப்பா சங்கையா.
ச-வும் சு-வும் இங்கிலீஷில் ஒரே எஸ்.
பிறந்த தேதியும் ஒன்றுதான், ஜூன் ஒன்று.
பள்ளிக்கூடத்தில் சேர்க்கையில்
ரெண்டு வாத்தியார்கள் போட்டது.
கடன் எதற்கு: கறவை மாடு.
போட்டோ கருப்படித்து, ஒரு தோடு மட்டும் தெரிந்தது.

இனி அந்த ஆறு நாற்பது அவளுக்குப் போகும்.
கடன் அவளுடையதுதான், நான் என்ன செய்ய.
ஆனால் வாங்கியவளுக்கும்
எட்டு மணி எட்டு மணிதானே.

மனுவில் நம்பர் இருந்தது.
ரெண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மூன்றாம் நாள், மணி ஆறு ஐம்பது,
ஏழாகுமுன் பேசிவிட வேண்டும் என்று அழுத்தினேன்.

"சார், அடுத்த வாரம் கட்டிர்றேன் சார்…"

"சாரில்லக்கா. நானும் பஞ்சவர்ணந்தான்.
மாடு நல்லாருக்கா?"